சிற்றணையும் பெரும்பொறுப்பும்

விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுடையது. பாறைகளாலும் காங்கிரீட் கட்டிகளாலும் கடலுக்குள் எழுப்பப்பட்டது. வெளிக்கடலின் சீற்றத்தைத் தான் ஏற்றுக்கொண்டு, உட்புறத்து நீரை அமைதியாக வைத்திருப்பதே அதன் பணி. அச்சுவரின் இருபுறமும் நீரே உள்ளது. இருபுறத்து நீர்மட்டமும் ஏறத்தாழ ஒன்றே.

அணையின் நிலை அதுவன்று. அணையின் ஒருபுறத்தில் நீர் உயர்ந்து நிற்கும்; மறுபுறத்தில் நிலம் தாழ்ந்து கிடக்கும். அத்தாழ்ந்த நிலத்தில் வயல்களும் வீடுகளும் பள்ளிக்கூடங்களும் இருக்கக்கூடும். ஆகவே, ஓர் அணையைப் பற்றிப் பேசும்போது அது தேக்கிவைத்திருக்கும் நீரைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. அதன் கீழே வாழ்வோரைப் பற்றியும் பேசவேண்டும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கே நெய்யாறு அணை உள்ளது. 1958ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இக்கல்லணை அரசுக்கு உரியது. விடுமுறை நாள்களில் மக்கள் அங்குச் சென்று படகில் உலவி மகிழ்கின்றனர். அதன் மதகுகள் எப்போது திறக்கப்படும் என்பதை அரசே முன்கூட்டி அறிவிக்கிறது. ஆனால், படகு ஓடும் நீர்நிலைகள் யாவும் அரசின் பார்வையில் இருப்பவை அல்ல. மலையடிவாரங்களில் தங்கும் விடுதியினரும் தோட்ட உரிமையாளரும் சிறிய ஓடையின் குறுக்கே மண்கரை எழுப்பி, படகு விடவும் மீன் பிடிக்கவும் குளம் அமைத்துக்கொள்வதுண்டு. இத்தகைய சிறு மண்ணணைகள் பாதுகாப்பானவையா என்பதை எவ்வாறு அறிவது? யார் அறிந்து சொல்வது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இப்பாடம்.

மண்ணணையின் உறுப்புகள்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றின் கரைகளில் மிகப் பெரும்பாலானவை மண்கரைகளே. எனவே மண்ணணையின் உறுப்புகளுக்குத் தமிழில் பழமையான பெயர்கள் வழங்குகின்றன.

நீரைத் தடுத்து நிற்பது கரை. வேண்டும்போது திறந்து பாசனத்திற்கு நீர்விடும் வாயில் மதகு. ஏரி நிறைந்தபின் மிகுதியான நீர் வெளியேறுவதற்காகக் கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டப்படும் வழி கலிங்கு. மதகை மனிதர் திறக்கவேண்டும். கலிங்கில் நீர் தானே வழியும். நள்ளிரவில் பெருமழை பெய்து, ஊரே உறங்கினாலும் கலிங்கு தன் கடமையைச் செய்யும். அதனால் மண்ணணைக்கு உயிர்நாடியாக விளங்குவது கலிங்கே ஆகும்.

பொறியியல் முறைப்படி கட்டப்படும் மண்ணணையின் நடுவில் நீர் எளிதில் புகாத களிமண் உட்கரு இருக்கும். அதனை இருபுறமும் வலிய மண்ணும் கல்லும் தாங்கி நிற்கும். கசியும் சிறிதளவு நீர் மண்ணை அரித்துச் செல்லாமல் வெளியேறுவதற்காக மணல் அடுக்கும் அமைக்கப்படும். மண்ணணையில் சிறிதும் கசிவே இருக்கக்கூடாது என்பதன்று. கசிவு தெளிந்த நீராக, அளவு மாறாமல் இருக்கவேண்டும் என்பதே விதி.

கரை உடையும் மூன்று வழிகள்

மண்கரை பெரும்பாலும் மூன்று வழிகளில் உடைகிறது.

முதலாவது, கரைமேல் வழிதல். கலிங்கு சிறியதாக இருந்தாலோ, குப்பையும் மரக்கிளையும் அதனை அடைத்துக்கொண்டாலோ, நீர் கரையின் உச்சியைத் தாண்டி மறுபுறம் இறங்கும். கல்லணை சிறிது நேரம் இதனைத் தாங்கும். மண்ணணை தாங்காது. வழியும் நீர் மறுபுறச் சரிவை அரிக்கத் தொடங்கினால், சில மணி நேரத்திற்குள் கரை முழுதும் அறுந்துவிடக்கூடும்.

இரண்டாவது, உள்ளரிப்பு. கரைக்குள் கசியும் நீர் மண் துகள்களைச் சிறிது சிறிதாக அடித்துச் செல்லும்போது உள்ளே ஒரு துளை உண்டாகும். எலி, நண்டு முதலியவற்றின் வளைகளும் கரையில் வளர்ந்து பட்டுப்போன மரத்தின் வேர்களும் இத்துளைக்கு வழிசெய்யும். வெளியே கரை பசுமையாகத் தோன்றும். உள்ளே அது குடையப்பட்டுக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, சரிவு. நீரில் ஊறிய மண் தன் பிடிப்பை இழந்து, கரையின் ஒரு பகுதி அப்படியே கீழே நழுவிவிடும்.

வெள்ளக் காலத்தில் மட்டுமே கரை உடையும் என்று கருதுதல் தவறு. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் உள்ள கந்தளாய்க் குளம் பழங்காலத்தில் அமைக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையில், வடகிழக்குப் பருவமழைக் காலம் அல்லாத வேளையில், அதன் கரை உடைந்தது. 120க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றாண்டுகள் பல கடந்து நின்றது என்பது மட்டுமே ஒரு கரை நாளையும் நிற்கும் என்பதற்குச் சான்றாகாது.

பொழுதுபோக்குக்காக மாற்றப்பட்ட அணை

தனியார் தம் பொழுதுபோக்குக்காக வைத்திருந்த மண்ணணை உடைந்து நேர்ந்த பேரழிவுகளுள் மிகவும் அறியப்பட்டது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நிகழ்ந்தது. சவுத் ஃபோர்க் என்னும் அவ்வணை கால்வாய்ப் போக்குவரத்திற்கு நீர் வழங்குவதற்காக அம்மாநில அரசால் கட்டப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 22 மீட்டர். இரயில் பாதை வந்தபின் கால்வாய் பயனற்றுப்போக, அணை தனியார் கைக்கு மாறியது. இறுதியில் 1879ஆம் ஆண்டில், செல்வர்கள் சேர்ந்து அமைத்த ஒரு மீன்பிடி, வேட்டைக் கழகத்திற்கு அது உரியதாயிற்று. எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியும் அக்கழகத்தின் உறுப்பினர்களுள் ஒருவர்.

அணையின் அடியில் நீரை வெளியேற்றுவதற்காக இருந்த இரும்புக் குழாய்களை முன்னைய உரிமையாளர் ஒருவர் பெயர்த்தெடுத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். கழகத்தினர் அவற்றை மீண்டும் அமைக்கவில்லை. குதிரை வண்டிகள் எளிதாகச் செல்வதற்காகக் கரையின் உச்சியைச் சற்றுத் தாழ்த்தினர். வளர்த்த மீன்கள் தப்பிச் செல்லாதிருக்கக் கலிங்கின் குறுக்கே கம்பித் தடுப்பு அமைத்தனர். இம்மாற்றங்கள் ஒவ்வொன்றும் தனித்து நோக்கினால் சிறியவையே. ஆனால், மதகு இல்லை, கலிங்கு குறுகியது, கரையும் தாழ்ந்தது. பெருவெள்ளம் வந்தால் நீர் போவதற்குக் கரைமேலன்றி வேறு வழியில்லை என்னும் நிலை உருவாயிற்று.

பள்ளத்தாக்கில் 23 கிலோமீட்டர் கீழே ஜான்ஸ்டவுன் என்னும் தொழில் நகரம் இருந்தது. அங்கிருந்த இரும்பாலையின் தலைவர் 1880ஆம் ஆண்டில் ஒரு பொறியாளரை அனுப்பி அணையை ஆராயச் செய்தார். நீரை வெளியேற்றும் குழாய் இல்லாததையும் பழுதுபார்த்த பகுதியின் குறைகளையும் அப்பொறியாளர் எடுத்துரைத்தார். செலவில் பங்கேற்கவும் இரும்பாலை முன்வந்தது. கழகமோ அதனை ஏற்கவில்லை. ஏற்கச் செய்வதற்கு அன்று சட்டமும் இல்லை.

1889ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், பெருமழைக்குப் பின் நீர் கரைமேல் வழிந்தது. பணியாளர்கள் கரையை உயர்த்தவும், அடைபட்டிருந்த தடுப்பை அகற்றவும், புதிய வடிகால் வெட்டவும் முயன்றனர், பயனில்லை. பிற்பகலில் அணை உடைந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வெள்ளம் ஜான்ஸ்டவுனை அடைந்தது. 2,200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏரியில் படகு விட்டவர்கள் மேலே இருந்தனர். உயிரிழந்தவர்கள் கீழே இருந்தனர்.

தரமதிப்பீடு பிறந்த கதை

சவுத் ஃபோர்க் அணையாவது ஓரளவு பெரியது. அதைவிட மிகச் சிறிய அணையும் உயிர்களைக் கொள்ளும் என்பதை ஜார்ஜியா மாநிலத்தின் டொக்கோவா என்னும் ஊர் உணர்த்தியது.

அங்கிருந்த கெல்லி பார்ன்ஸ் என்னும் மண்ணணையின் உயரம் ஏறத்தாழ 12 மீட்டர். நீளம் ஏறத்தாழ 120 மீட்டர். தனியார் கல்லூரி ஒன்றுக்கு உரிய அவ்வணையில் முன்பு மின்சாரம் எடுக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டபின், நீர்த்தேக்கம் பொழுதுபோக்குக்கு மட்டுமே பயன்பட்டது. பயன் குறைந்ததும் கவனமும் குறைந்தது. 1977ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், தொடர்மழைக்குப் பின், நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில் அணை உடைந்தது. கீழே கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தோருள் 39 பேர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர்.

அணைகளை ஆய்வு செய்வதற்கான சட்டம் அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. ஆயினும் போதிய நிதி இன்மையால் ஆய்வுகள் நடைபெறவில்லை. டொக்கோவா நிகழ்வுக்குப் பின், குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் ஆய்வைத் தொடங்குமாறு ஆணையிட்டார். உடைந்தால் உயிர்ச்சேதம் விளைவிக்கக்கூடிய ஏறத்தாழ ஒன்பதாயிரம் அணைகள் அடுத்த சில ஆண்டுகளில் ஆராயப்பட்டன. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை எனக் கண்டறியப்பட்டது.

இரண்டு மதிப்பீடுகள்

ஆய்வு செய்யப்பட்ட ஓர் அணைக்கு இன்று அந்நாட்டில் இரண்டு மதிப்பீடுகள் வழங்கப்படுகின்றன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவோர் பலர்.

ஒன்று, தீங்கு மதிப்பீடு. அணை உடைந்தால் என்ன நேரும் என்பதை அது சொல்கிறது. ஒருயிராவது போகக்கூடும் என்றால் 'உயர் தீங்கு'. உயிர்ச்சேதமின்றிப் பெரும் பொருட்சேதம் நேரும் என்றால் 'குறிப்பிடத்தக்க தீங்கு'. இரண்டும் இல்லையெனில் 'குறைந்த தீங்கு'.

மற்றொன்று, நிலை மதிப்பீடு. அணை இப்போது எவ்வாறு இருக்கிறது என்பதை அது சொல்கிறது. 'நிறைவானது', 'ஓரளவு சரியானது', 'மோசமானது', 'நிறைவற்றது' என அது நான்கு படிகளை உடையது.

இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வீட்டில் பரண்மேல் நீர் நிறைந்த மண்குடம் ஒன்று வைக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். குடத்தில் விரிசல் உண்டா என்பது அதன் நிலை. குடத்திற்குக் கீழே குழந்தை உறங்குகிறதா என்பது அதன் தீங்கு. விரிசலில்லாத நல்ல குடத்தின் கீழும் குழந்தை உறங்கலாம். அது 'உயர் தீங்கு'. ஆனால், குடம் இன்று விழும் என்பது அதன் பொருளன்று. விரிசலுற்ற குடத்தின் கீழே யாருமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டும் ஒருங்கே சேரும்போதுதான், அதாவது குடமும் விரிசலுற்று அதன் கீழே குழந்தையும் உறங்கும்போதுதான், ஒரு நொடியும் தாமதிக்கக்கூடாது.

இவ்வெடுத்துக்காட்டு மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. குடத்தை எவரும் தொடாமலேயே அதன் தீங்கு மதிப்பீடு மாறக்கூடும். நேற்று வெறுமையாக இருந்த இடத்தில் இன்று பாய் விரித்தால் போதும். அவ்வாறே, காட்டுக்குள் கட்டப்பட்ட சிற்றணையின் கீழே இருபது ஆண்டுகளுக்குப் பின் குடியிருப்புகள் எழுந்துவிட்டால், அணை அதுவே. அதன் தீங்கு வேறு. ஆகவே மதிப்பீடு ஒருமுறை செய்து முடிக்கப்படுவதன்று. காலந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது.

இந்தியாவில் உள்ள ஏற்பாடு

இந்தியாவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய அணைகள் உள்ளன. அவற்றின் பாதுகாப்புக்காக அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இச்சட்டத்தின்படி, ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன்பும் பின்பும் அணைகள் ஆய்வு செய்யப்படவேண்டும். பெருவெள்ளத்தின்போதும் நிலநடுக்கத்திற்குப் பின்பும் தனி ஆய்வு தேவை. பராமரிப்புக்கு நிதி ஒதுக்குவதும் நெருக்கடிக்காலச் செயல்திட்டம் வகுப்பதும் அணைக்கு உரியவரின் கடமைகள். ஆய்வில் காணப்படும் குறைகளை மூவகையாகப் பிரிப்பது இந்திய வழக்கம். அணை உடைவதற்கே காரணமாகக்கூடியவை முதல் வகை. விரைந்து சீர்செய்யவேண்டிய பெருங்குறைகள் இரண்டாம் வகை. சிறு குறைகள் மூன்றாம் வகை.

ஆயினும் எல்லா அணைகளும் இச்சட்டத்தின் கீழ் வருவதில்லை. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவை, 500 மீட்டர் நீளம், பத்து இலட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற வரையறைகளுள் ஒன்றையேனும் எட்டினால் மட்டுமே வரும். டொக்கோவாவில் 39 உயிர்களைக் கொண்ட அணையை இவ்வளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். உயரம் 12 மீட்டர். நீளம் 120 மீட்டர். உடைந்தபோது இருந்த நீர் எட்டு இலட்சம் கன மீட்டருக்கும் குறைவு. அளவை மட்டும் கொண்டு பார்த்தால், அத்தகைய அணை ஒன்று நம் நாட்டில் இருப்பின் அது சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றுவிடும்.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களின் எல்லையில் உள்ள கக்காடம்பொயில் மலைப்பகுதியில் பொழுதுபோக்குக்காகத் தனியார் எழுப்பிய தடுப்பணைகள் கேரள உயர் நீதிமன்றம் வரை வழக்காகச் சென்றன. நிலச்சரிவுக்கு இலக்காகும் மலைச்சரிவில் நீரைத் தேக்கலாமா என்பதே அங்கு எழுந்த வினா. மழைக்காலத்தில் கீழே வாழ்வோரின் அச்சமே அவ்வழக்கிற்கு வலுச் சேர்த்தது.

மகாராட்டிர மாநிலத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்னும் சிற்றூரின் பாசன அணை 2019ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் இரவில் உடைந்தது. குறைந்தது 19 பேர் உயிரிழந்தனர். அணையில் கசிவு இருப்பதாக ஊர்மக்கள் முன்பே முறையிட்டிருந்தனர். கரையை நண்டுகள் துளைத்ததே காரணம் என்று பின்னர் ஒரு விளக்கமும் கூறப்பட்டது. நண்டு வளை தோண்டுவது இயல்பு. அவ்வளையைக் கண்டு அடைப்பதும், கசிவு என்றவரின் சொல்லைக் கேட்டு வந்து பார்ப்பதும் மனிதரின் கடமை.

முன்னோர் கண்ட வழி

ஏரிக்கரையைக் காப்பதற்கு ஒருவர் பொறுப்பேற்கவேண்டும் என்பதைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழனின் காலத்தைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியங்களுள் ஒன்றாக ஏரி வாரியத்தைக் குறிக்கிறது. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஏரியைப் பேணினர். பிற்காலத்தில் ஊரார் கூடி ஏரியைச் சீர்செய்யும் குடிமராமத்து முறை வழங்கிற்று. ஊருக்கு ஊர் நீர்க்கட்டி என்னும் பணியாளர் இருந்தார். மதகைத் திறப்பதும் அடைப்பதும் கரையைக் கண்காணிப்பதும் அவர் பணி.

அக்காலத்தில் 'உயர் தீங்கு' என்னும் சொல் இல்லை. ஆனால், கரையைக் காப்பவரின் வீடும் அக்கரைக்குக் கீழேயே இருந்தது. அதுவே அவரை விழிப்புடன் வைத்திருந்தது. தனியார் பொழுதுபோக்கு அணையிலோ, உரிமையாளர் ஓரிடத்திலும் அபாயத்தை ஏற்போர் வேறிடத்திலும் இருக்கின்றனர். இவ்விடைவெளியை நிரப்புவதற்காகவே ஆய்வும் மதிப்பீடும் சட்டமும் தேவைப்படுகின்றன.

கண்ணில் படவேண்டிய அறிகுறிகள்

கரையின் அடியில் கலங்கிய நீர் ஊறுதல், கரையில் விரிசலோ பள்ளமோ தோன்றுதல், கரையின் ஒரு பகுதி தாழ்தல், சரிவில் பெருமரங்கள் வளர்தல், கலிங்கு அடைபட்டிருத்தல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றை அறிவதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. இவற்றுள் ஒன்றைக் கண்டால் பெரியவர்களிடமும் ஊராட்சியிடமும் உடனே தெரிவித்தல் வேண்டும். கரை உடையும் எனத் தோன்றினால், பள்ளத்தாக்கு வழியே ஓடாமல் பக்கவாட்டில் மேட்டுநிலத்திற்கு ஏறுவதே உயிர்காக்கும் வழி.

ஓர் அணை சிறியதா பெரியதா என்பதை அதன் உயரம் சொல்லும். அதன் பொறுப்பு சிறியதா பெரியதா என்பதை அதன் கீழே எரியும் வீட்டு விளக்குகள் சொல்லும்.

அருஞ்சொற்பொருள்

கலிங்கு – ஏரியின் மிகுதிநீர் வழியும் கல்கட்டுமானம்
மதகு – நீரைத் திறந்துவிடும் வாயில்
உட்கரு – நடுப்பகுதி
வாரியம் – ஒரு பணிக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு
நீர்க்கட்டி – ஏரியின் மதகையும் கரையையும் காப்பவர்

பயிற்சி வினாக்கள்

1. மதகுக்கும் கலிங்குக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. தீங்கு மதிப்பீட்டையும் நிலை மதிப்பீட்டையும் குடத்தின் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குக.
3. சவுத் ஃபோர்க் அணையில் செய்யப்பட்ட மாற்றங்கள் எவ்வாறு தீங்காக முடிந்தன?
4. அணைப் பாதுகாப்புச் சட்டத்தில் இன்னும் எந்த அணைகளைச் சேர்க்கவேண்டும் எனக் கருதுகிறீர்? காரணத்துடன் எழுதுக.
5. சொந்த ஊரில் உள்ள ஏரி அல்லது குளத்தின் கரை, மதகு, கலிங்கு ஆகியவற்றைப் பற்றித் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.